திண்மமா, நீர்மமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் மாலையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். பருப்பொருளின் நிலைகள் என்ற பாடம் வந்துவிட்டால் வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான் வரும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் அம்மாக்களும் பாட்டிகளும் வாசலில் நின்றபடியே, அடுப்படியில் பார்த்ததை வைத்துக் கேட்பார்கள். பல நேரம் புத்தகத்தில் இருப்பதைவிட அவர்களுடைய கேள்விகள்தான் ஆழமானவை. எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

திடம், திண்மம், திரவம், நீர்மம்னு மாத்தி மாத்தி வருது. எது சரி டீச்சர்? பரீட்சையில எதை எழுதணும்?

எல்லாமே சரி. திடம், திரவம் இரண்டும் வடமொழியிலிருந்து வந்து நெடுநாளாகப் புழங்கும் சொற்கள். திண்மம், நீர்மம் இரண்டும் 'திண்', 'நீர்' என்ற தமிழ் வேர்களில் இருந்து ஆக்கிய கலைச்சொற்கள். மனத்திண்மை என்று சொல்கிறோமே, அதே திண்மைதான். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் திண்மம், திரவம், வாயு என்று கலந்து வரும். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களிலும் வகுப்புக்கு வகுப்பு மாறும். ஒரே விடைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பாய்மம் என்று ஒரு சொல் வரும். அது நீர்மத்துக்கு இன்னொரு பெயர் இல்லை. பாயக்கூடிய எதுவும் பாய்மம். நீர்மமும் வாயுவும் சேர்ந்து அதில் அடங்கும்.

சுருக்கமா சொல்லுங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வெல்லக்கட்டியை டம்ளரில் போட்டாலும் தட்டில் வைத்தாலும் அதன் வடிவம் அதேதான். தண்ணீர் அப்படி இல்லை. டம்ளரில் டம்ளர் வடிவம், தட்டில் ஊற்றினால் தட்டு வடிவம். ஆனால் எதில் ஊற்றினாலும் கன அளவு மாறாது. வாயுவுக்கு அதுவும் கிடையாது, இருக்கிற இடம் முழுக்கப் பரவிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் கை ஆட்டுவார்கள், திரும்பிப் பேசுவார்கள், இலையை விட்டு எழமாட்டார்கள். திண்மத்தின் துகள்கள் அப்படி, இருந்த இடத்திலேயே அதிரும். தேர்த் திருவிழாக் கூட்டத்திலும் தோளோடு தோள் இடிக்கும், ஆனால் ஒருவரை ஒருவர் தாண்டி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அது நீர்மம். நெருக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி முனையை அடைத்துக்கொண்டு அழுத்தினால், எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது.

மணலும் ரவையும் கூடத்தான் ஊத்தினா விழுது, டப்பாவோட வடிவத்துக்கு வருது. அது நீர்மமா?

இல்லை. ஒரு மணல் துகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள், அது ஒரு குட்டிக் கல். டப்பாவை மாற்றினாலும் அந்தத் துகளின் வடிவம் மாறாது. துகள்களுக்கு இடையில் காற்று இருக்கிறது, அந்த இடைவெளிதான் மாறுகிறது. நம் பேச்சிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. அரிசியைக் கொட்டுவோம், அளந்து போடுவோம். அரிசியை யாரும் ஊற்றுவதில்லை.

இன்னொரு நல்ல சோதனை, குவியல். மணலைக் கொட்டினால் கூம்பாக நிற்கும். ஒரு குறிப்பிட்ட சரிவு வரைக்கும் துகளோடு துகள் உரசிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பாலையும் படியில்தான் அளந்தார்கள், அரிசியையும் படியில்தான் அளந்தார்கள். 8 ஆழாக்கு 1 படி என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. ஆனால் 'குவித்து அளக்கிறதா, தலைதட்டி அளக்கிறதா' என்ற பேச்சு அரிசிக்கு மட்டும்தான் வரும். பாலைக் குவிக்க முடியாது. விளிம்புக்கு மேல் தண்ணீர் நூலளவு புடைத்து நிற்குமே என்று ஒரு மாணவி கேட்டாள். நன்றாகக் கவனித்திருக்கிறாள். அது பரப்பு இழுவிசையின் வேலை. இன்னும் நாலு சொட்டு விட்டால் வழிந்துவிடும்.

அப்போ கெட்டியா இருந்தா திண்மம், தண்ணியா இருந்தா நீர்மம்னு வெச்சுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு மெத்தென்று இருக்கும், ஆனால் திண்மம். தேன் கெட்டியாக இருக்கும், ஆனால் நீர்மம். பாதரசத்தில் இரும்பு ஆணியே மிதக்கும், அவ்வளவு அடர்த்தி, ஆனாலும் அது நீர்மம்.

சரியான சோதனை பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பது. ஒரு தடித்த அழிரப்பரை மேசையில் வைத்து, மேல் பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். கொஞ்சம் சாயும், எதிர்த்து நிற்கும், விட்டால் திரும்பி வரும். திண்மம் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும். நீர்மம் தாங்காது. எவ்வளவு மெல்லத் தள்ளினாலும், தள்ளிக்கொண்டே இருக்கும் வரை நகர்ந்துகொண்டே இருக்கும். புத்தகத்தில் சறுக்குத் தகைவு என்று பெரிய வகுப்பில் வருவது இதுதான்.

வீட்டில் சாம்பார் 'தண்ணியா இருக்கு', 'கெட்டியா இருக்கு' என்று சொல்வது வேறு கணக்கு. எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்கிறோம். அதற்கு அறிவியலில் பாகுநிலை என்று பெயர். நம் பாகையே பெயராக வைத்துவிட்டார்கள்.

ஐஸ் கரையுதா, உருகுதா?

உருகுகிறது. கரைவதற்கு இரண்டு பொருள் வேண்டும், உருக ஒன்றே போதும். சர்க்கரை டீயில் கரைகிறது. ஐஸ் வெப்பத்தால் உருகுகிறது, அதற்கு வேறு எதுவும் கலக்க வேண்டாம். பேச்சில் 'ஐஸ் கரைஞ்சு போச்சு' என்பது பழகிவிட்டது, விடைத்தாளில் மட்டும் கவனம். உப்பை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும், உருக்க வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

பாலுக்கு உறை ஊத்துறோம், தண்ணியும் ஃப்ரீசர்ல உறையுது. ரெண்டும் ஒரே உறையா?

ஒரு பாட்டி கேட்டது. சொல் ஒன்றுதான், நடப்பது வேறு. தண்ணீர் உறைவது வெப்பத்தை இழப்பதால். வெளியே எடுத்து வைத்தால் பழையபடி தண்ணீர். பால் தயிராவது குளிரால் இல்லை, வெதுவெதுப்பில்தான் நன்றாக உறையும். உறைமோரில் இருக்கும் பாக்டீரியா பாலில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது, அந்தப் புளிப்பில் கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலை மாதிரி ஆகிறது. தயிரைச் சுடவைத்தால் பால் திரும்பி வராது, திரிந்துதான் போகும். ரத்தம் உறைவதும் இதேபோல வேறொரு புரதம் வலை பின்னுவதுதான். ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நம் மொழி மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த சொல். பருப்பொருளின் நிலைகள் பாடத்தில் உறைதல் என்றால் முதலாவது மட்டும்.

'அப்போ கட்டித்தயிர் திண்மமா?' என்று அடுத்ததாகக் கேட்பார்கள். கரண்டியால் ஒரு பக்கம் எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். முன்பு சொன்ன பக்கவாட்டுச் சோதனையில் ஓரளவு தேறிவிடும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். புரத வலை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, மறுநாள் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்டதை ஜெல் என்பார்கள். ஜெல்லி, கடல்பாசி இனிப்பு எல்லாம் இந்த ஜாதி.

மார்கழியில தேங்காய் எண்ணெய் மட்டும் உறைஞ்சுபோகுது, நல்லெண்ணெய்க்கு ஒண்ணும் ஆகறதில்ல. உறையலைன்னா கலப்படமா?

தேங்காய் எண்ணெய் உறையும் வெப்பநிலை 24, 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. நம் ஊர் மார்கழி அதிகாலைக்கு அது போதும். அதன் கொழுப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அந்த மூலக்கூறுகள் நேராக இருப்பதால் அடுக்கிய விறகு மாதிரி நெருங்கி உட்கார்ந்துவிடும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதது, மூலக்கூறு வளைந்து இருக்கும். வளைந்த விறகு சுலபமாக அடுக்கில் சேராது. அதனால் 0 டிகிரிக்கும் கீழே போனால்தான் அது உறையும்.

உறைவதை மட்டும் வைத்துக் கலப்படத்தைத் தீர்மானிக்க முடியாது. எண்ணெய் என்பது பல கொழுப்புகளின் கலவை. அதனால் தண்ணீர் மாதிரி ஒரே புள்ளியில் உறையாமல் முதலில் கலங்கும், அப்புறம் வெள்ளையாகப் படியும், அப்புறம்தான் இறுகும். அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாட்டிலில் பாருங்கள். அடியில் இருக்கும்.

தண்ணியில மட்டும் ஏன் ஐஸ் மேல மிதக்குது?

முந்தின பதிலில் பாட்டிலின் அடியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கும், அடர்த்தி கூடி மூழ்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிகிறது, ஏனென்றால் ஐஸில் மூலக்கூறுகள் உள்ளே காலியிடம் விட்டு அறுகோணமாக அடுக்குகின்றன. ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டிலைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

உலோகத்துல பாதரசம் மட்டும்தானே நீர்மம்?

புத்தகத்தில் சொல்வது 25 டிகிரி அறை வெப்பநிலைக்கு. காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் சென்னையில் மேசைமேல் வைத்தால் அது நீர்மம், ஊட்டியில் வைத்தால் திண்மம். சீசியமும் 28.5 டிகிரியில் உருகிவிடும். ஒரு பொருள் திண்மமா நீர்மமா என்று கேட்டால் 'எத்தனை டிகிரியில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

1 லிட்டர் எண்ணெய் பாக்கெட்டுல 910 கிராம்தான் போட்டிருக்கு. ஏமாத்துறாங்களா?

இல்லை. லிட்டர் கன அளவு, கிராம் நிறை. 1 லிட்டர் 1 கிலோ என்பது தண்ணீருக்குப் பொருந்தும். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கிறது, அதனால்தான் 910 கிராமை ஒட்டி வருகிறது. தேன் எதிர்ப்பக்கம், 1 லிட்டர் சுமார் 1.4 கிலோ இருக்கும். கவனிக்க வேண்டியது, லிட்டர் விலையையும் கிலோ விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது என்பது.

கேஸ் சிலிண்டரை ஆட்டினா உள்ள தண்ணி சத்தம் கேக்குது. தண்ணி ஊத்திக் குடுக்கறாங்களா?

ஒவ்வொரு வருடமும் குறைந்தது இரண்டு அம்மாக்களாவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். உள்ளே தளும்புவது எரிபொருள்தான். புரொப்பேனையும் பியூட்டேனையும் அழுத்தி நீர்மமாக்கி அடைத்திருக்கிறார்கள், திரவ எரிவாயு என்ற பெயரே அதனால்தான். நீர்மமாக இருக்கும்போது பிடிக்கும் இடத்தைப்போலச் சுமார் 250 மடங்கு இடம், வாயுவானால் வேண்டும். வாயுவாகவே அடைத்தால் 14.2 கிலோவை அந்தச் சிலிண்டருக்குள் கொண்டுவர முடியாது. வால்வைத் திறந்ததும் மேலே உள்ள ஆவி வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழே உள்ள நீர்மம் ஆவியாகும்.

தீரப் போகிறது என்று சிலிண்டரைச் சாய்த்தோ படுக்கவைத்தோ எரிக்காதீர்கள். ஆவிக்குப் பதில் நீர்மமே குழாயில் வந்தால் பெரிய தீயாகிவிடும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய, ஈரத்துணியால் மேலிருந்து கீழ் துடைத்துப் பாருங்கள். நீர்மம் இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும்.

கற்பூரம் டப்பாவுல வெச்சா குறைஞ்சுக்கிட்டே போகுதே, உருகின தடமே இல்ல?

நீர்மமாகாமல் நேராக ஆவியாகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான் தேய்கிறது.

வாசனைத் திரவியம்னா வாசனையான திரவம்தானே?

இல்லை. திரவியம் வேறு, திரவம் வேறு. திரவியம் என்றால் பொருள், செல்வம். 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பதில் யாரையும் திரவம் தேடச் சொல்லவில்லை. சந்தனக்கட்டை, சாம்பிராணி, குங்குமப்பூ எல்லாம் வாசனைத் திரவியம்தான், எல்லாம் திண்மம். இப்போது சென்ட் பாட்டிலுக்கு அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி இரண்டும் ஒன்றென்று ஆகிவிட்டது.

டாக்டர் 'திரவ உணவு மட்டும்'னு சொன்னா ஐஸ்கிரீம் குடுக்கலாமா? குழந்தைக்குத் 'திட உணவு'ன்னா என்ன, சாதக்கட்டியா?

ஆஸ்பத்திரியில் இந்தச் சொற்களுக்கு வேறு அளவுகோல். உடம்புக்குள் போனதும் என்னவாக இருக்கும் என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் ஐஸ்கிரீம், ஜெல்லி போன்றவை கையில் திண்மம் மாதிரி இருந்தாலும் பல திரவ உணவுப் பட்டியல்களில் வரும். 'தெளிந்த திரவம்' என்று தனியாகச் சொன்னால் பாலும் ஐஸ்கிரீமும் கூடாது; இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர் மாதிரி. எது என்று அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நீர் அளவு கட்டுப்பாடு இருந்தால், வாயில் போட்டுக்கொள்ளும் ஐஸும் அந்தக் கணக்கில் சேரும்.

குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குப் பிறகு தொடங்கும் 'திட உணவு' குழைத்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், கெட்டிக் கஞ்சி. பாலைவிடக் கெட்டி என்ற அர்த்தத்தில்தான் அந்தச் சொல். சாதக்கட்டி கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

ஊறுகாயை விமானத்துல கையில கொண்டுபோக விடலை. ஊறுகாய் திரவமா?

விமான நிலையக் கணக்கில் ஆமாம். 2006 ஆகஸ்டில் லண்டனில் இருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேல் கையில் எடுத்துப் போகக்கூடாது என்ற விதி பரவியது. அதில் திரவம் என்றால் பசை, ஜெல், குழம்பு எல்லாம் சேரும். பற்பசை, தயிர், தொக்கு எல்லாம் மாட்டும். புளியோதரைப் பொடி இந்த விதியில் மாட்டாது. ஊறுகாயைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள்.

கண்ணாடி உண்மையில நீர்மமாமே? பழைய சர்ச் ஜன்னல்ல அடிப்பக்கம் தடிச்சிருக்குமாமே?

கண்ணாடி திண்மம். பக்கவாட்டுச் சோதனையில் உறுதியாக நிற்கும். குழப்பம் வரக் காரணம், உள்ளே துகள்கள் படிகம் மாதிரி வரிசையாக இல்லை, நீர்மம் மாதிரி தாறுமாறாக இருக்கின்றன. கூட்டம் கலைந்த நிலையிலேயே அப்படியே உறைந்து நின்றுவிட்டது போல. இதைப் படிக வடிவமற்ற திண்மம் என்பார்கள். அதனால் ஐஸ் மாதிரி ஒரு புள்ளியில் உருகாமல் சூடாக்கச் சூடாக்க இளகும்.

ஜன்னல் கதையில் ஒரு பகுதி உண்மை. சில பழைய கண்ணாடிகள் ஒரு பக்கம் தடிப்பாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக விரித்து வெட்டினார்கள், தடிமன் சீராக வராது. தடித்த பக்கத்தைப் பெரும்பாலும் கீழே வைத்துப் பொருத்தினார்கள். மேலே தடித்திருக்கும் கண்ணாடிகளும் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் கண்ணாடிக் கலவையை வைத்து 2017இல் கணக்கிட்டார்கள். நூறு கோடி வருடத்துக்கு அது ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகரலாம்.

அப்போ பார்க்க திண்மமா இருந்தும் நிஜமா நீர்மம்னு ஒண்ணுகூடக் கிடையாதா?

இருக்கிறது. தார் ஜாதியைச் சேர்ந்த கீல். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி சிதறும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் அதைச் சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார். படிய மூன்று வருடம் விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழுந்தது 1938இல். ஒன்பதாவது சொட்டு 2014இல். அதன் பாகுநிலை தண்ணீரைப்போலப் பல ஆயிரம் கோடி மடங்கு.

அவருக்குப் பின் அதைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988இல் சொட்டு விழும் நேரத்தில் ஏதோ குடிக்க வெளியே போய்வந்த சில நிமிடத்தில் அது விழுந்துவிட்டது. 2000இல் கேமரா வைத்தார்கள், சரியான நேரத்தில் அது பழுதானது. ஒரு சொட்டுகூட விழுவதை நேரில் பார்க்காமலே 2013இல் அவர் காலமானார். நூறு வருடத்தில் நகர்ந்தாலும், சும்மா இருக்கும்போது தன் எடைக்கே இணங்கி ஓடினால் அது நீர்மம் என்று பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் புரியவைக்கிறேன்.

கார்ன்ஃபிளவரைக் கெட்டியாக் கரைச்சுக் குத்தினா கல்லு மாதிரி இருக்கு, மெதுவா விட்டா விரல் இறங்குது. இதுல என்ன எழுதறது?

நீர்மத்தில் கலந்த திண்மத் துகள்கள் என்று எழுதுங்கள். மெதுவாகத் தள்ளினால் துகள்கள் வழுக்கி வழி விடும். வேகமாகக் குத்தினால் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். பற்பசை இதற்கு நேரெதிர். சும்மா இருந்தால் பிரஷ்மேல் மேடாக நிற்கும், அழுத்தினால் ஓடும். முன்பு சொன்ன சோதனையில் 'எவ்வளவு தள்ளினோம், எவ்வளவு வேகமாகத் தள்ளினோம்' என்பதையும் சேர்க்க வைப்பவை இவை இரண்டும்.

நிலநடுக்கத்தில் ஈர மணலுக்கும் ஒரு விபரீதம் நடக்கும். குலுக்கலில் துகள்களின் பிடி விட்டு, நடுவில் இருக்கும் தண்ணீரே எடையைத் தாங்க வேண்டி வரும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. மூன்றாவது கேள்வியில் குவியலைப் பிடித்து நிறுத்திய உரசல் போய்விட்டால் இதுதான் நிலை.

பூமிக்குள்ள உருகின இரும்பு இருக்குன்னு சொல்றாங்க. தோண்டிப் பார்க்காம எப்படித் தெரியும்?

அதே பக்கவாட்டுச் சோதனையால்தான். நிலநடுக்கத்தில் இரண்டு வகை அலைகள் பூமிக்குள் போகும். ஒன்று அழுத்தி விடும் அலை, அது எதிலும் போகும். இன்னொன்று பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே போகும் அலை. பக்கவாட்டுத் தள்ளலை நீர்மம் தாங்காதே, அதனால் இந்த இரண்டாவது அலை நீர்மத்துக்குள் போகவே முடியாது. பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் கருவிகளில் இந்த அலை நேராக வந்து சேருவதில்லை. பூமியின் நடுப்பகுதியைக் கருவம் என்பார்கள். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் அதன் வெளி அடுக்கான வெளிக்கருவம் நீர்மம் என்று இப்படித்தான் தெரிந்தது.

1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி, வரக்கூடாத இடத்தில் வந்து சேர்ந்த மெல்லிய அலைகளைக் கவனித்து, அந்த நீர்மத்துக்கு உள்ளே இன்னொரு கருவம் இருக்கிறது என்று சொன்னார். அது திண்மம் என்பது பிற்பாடு உறுதியானது. அங்கே 5,000 டிகிரிக்கு மேல் சூடு. ஆனாலும் மேலே இருக்கும் பூமி மொத்தமும் அழுத்துவதால் இரும்பு அங்கே உருகாமல் நிற்கிறது. சிலிண்டருக்குள் வாயுவை நீர்மமாக வைத்திருப்பதும் அழுத்தம்தானே என்று இந்த வருடம் ஒரு பையன் தானாகவே சேர்த்துச் சொன்னான்.